ஜாக்கி சான் கார்ட்டூனை இன்னும் விரும்பும் பெரியவர்கள், மற்றவர்களிடம் அதை எப்படி எடுத்துச் சொல்வது

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுங்கள். அது பிள்ளைகளுக்காக எடுத்த தொடர்தான். "இல்லை, இதில் ஆழமான பொருள் இருக்கிறது, பெரியவர்களுக்கும் உரியது" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் தலையை ஆட்டிக்கொண்டே மனத்துக்குள் எழுந்து போய்விடுவார். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் தொடங்கினேன், ஒருவரையும் உட்காரவைக்க முடியவில்லை. "ஆமாம், பத்து வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்தார்கள். எனக்கு இருபத்தெட்டு ஆகிறது, இன்னும் பார்க்கிறேன். ஏன் என்று சொல்லட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

நான் தண்டையார்பேட்டைக்காரி. மண்ணடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இறக்குமதிச் சரக்குக்கான தாள்களைத் தயார் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடுகிறோம். என்னோடு பள்ளியில் படித்த செவிலியர் ஒருவர், கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் அக்கா தம்பி இருவர், எதிர்வீட்டில் ஏசி பழுதுபார்க்கும் அண்ணன், நான். சுட்டி டிவியில் தமிழில் வந்த ஜாக்கி சான் கார்ட்டூனைப் பார்க்கிறோம், அதைப் பற்றிப் பேசுகிறோம், அதிலுள்ளவற்றை வரைகிறோம். இதே விருப்பத்தை வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெட்ரோவில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில் அந்தப் படம் தெரிந்து, நான் பார்ப்பதைக் கவனித்ததும் அவர் திரையை அணைத்ததை நேரில் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பவர் எதற்காகக் கேட்கிறார்

சிரிப்பதற்காகக் கேட்பவருக்கு இரண்டு வரி போதும். அலுவலகத்தில் ஒருவர் என் மேசையில் இருந்த, கார்ட்டூனில் வரும் அங்கிள் என்ற கிழவரின் படத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். நான் அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். அன்று மாலை ஒரு கன்டெய்னருக்குத் தர வேண்டிய தாள் தாமதமானதுதான் மிச்சம். இப்போது அப்படிப்பட்டவரிடம், "சின்ன வயதிலிருந்து பிடிக்கும், இன்றும் பிடிக்கிறது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து கேட்பார். எனக்கு அப்படி இரண்டு பேர் வந்தார்கள்.

அம்மா கேட்பது வேறு. "இந்த வயதில் இது என்னம்மா?" என்று அவர் கேட்கும்போது, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குக் கதையைச் சொல்லி என்ன பயன்? தண்ணீர் பிடித்தாகிவிட்டது, சீட்டுப் பணம் கட்டியாகிவிட்டது, ஆயாவின் மாத்திரை வாங்கியாகிவிட்டது, அதன் பிறகுதான் மாடிக்குப் போகிறேன் என்று நான்கைந்து ஞாயிறு கண்ணால் பார்த்ததும் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். இப்போது ஆறு மணிக்குத் தேநீர்ச் சட்டியில் ஐந்து பேருக்குச் சேர்த்தே பால் ஊற்றுகிறார்.

கைவசம் இருக்க வேண்டிய விவரங்கள்

நிறையத் தேவையில்லை. அமெரிக்காவில் 2000 செப்டம்பரில் தொடங்கி 2005 ஜூலையில் முடிந்த தொடர் இது. ஐந்து பருவங்கள், 95 பகுதிகள். சுட்டி டிவி 2007-ல் வந்தது, நம்மில் பெரும்பாலோர் அதில் தமிழில் பார்த்தவர்கள். "பேசுவது ஜாக்கி சானின் சொந்தக் குரலா?" என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. ஆங்கில மூலத்தில் கார்ட்டூன் ஜாக்கிக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் சை. நிஜ ஜாக்கி சான் பகுதியின் முடிவில் நேரில் தோன்றி, பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வார்.

கதையை ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஜாக்கி ஒரு தொல்பொருள் ஆய்வாளர், சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அங்கிளோடு இருக்கிறார். ஹாங்காங்கிலிருந்து ஜேட் என்ற சிறுமி வந்து சேர்கிறாள். சீன ஆண்டுச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளுக்கும் ஒவ்வொரு மந்திரக் கல், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சக்தி. ஷெண்டு என்ற அசுரனுக்காக ஒரு கொள்ளைக் கூட்டம் அவற்றைத் தேடுகிறது, ஜாக்கி முந்திக்கொள்ளப் பார்க்கிறார். இவ்வளவுதான். ஷெண்டுவின் உடன்பிறந்த அசுரர்கள், முகமூடிகள், ஷெண்டுவின் மகன் எல்லாம் பிறகு வருவார்கள். அவர்களை இப்போதே இழுத்து வராதீர்கள்.

சுருக்கமாகக் கதை சொல்ல நான் கற்றது மின்வெட்டில். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்களுக்கும் ஒரு 14 அங்குலப் பெட்டி கிடைத்தது. நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம், வாசல்கள் வரிசையாக இருக்கும். பள்ளி விட்டதும் எங்கள் வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். ஜேட் எங்கோ ஒளிந்து ஏறி ஜாக்கியின் பின்னாலேயே போய்ச் சேரும் நேரத்தில் மின்சாரம் போகும். முன்பே அந்தப் பகுதியைப் பார்த்த பிள்ளைதான் மீதியைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் மின்சாரம் வந்துவிடக் கூடாதே என்று சொல்பவருக்கு அவசரம், வந்துவிட வேண்டுமே என்று கேட்பவருக்குத் தவிப்பு. அந்த அவசரத்தில் தேவையில்லாத சொல் ஒன்றும் வாயில் வராது. இன்றைக்கும் புதியவரிடம் கதை சொல்லும்போது, மின்சாரம் எந்த நிமிடமும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

எந்தப் பகுதியைக் காட்டுவது

முதல் பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். அதில் ஆட்களை அறிமுகப்படுத்தவே நேரம் போய்விடுகிறது, புதியவருக்குப் பெயர்கள் குழம்பும். என் தேர்வு, முதல் பருவத்தில் புலிக் கல் வரும் பகுதி. அந்தக் கல் ஜாக்கியை இரண்டு ஆளாகப் பிரித்துவிடுகிறது. ஒருவர் நல்லவர் மட்டும், மற்றவர் கெட்டவர் மட்டும். நல்ல ஜாக்கிக்குச் சண்டை போடவே மனம் வராது. மற்றவருக்கோ யார் மேலும் அக்கறை கிடையாது. இருவரில் ஒருவரால்கூட ஜாக்கியின் வேலையைச் செய்ய முடியவில்லை, மறுபடி ஒன்றாகச் சேர வேண்டியிருக்கிறது. பார்த்து முடித்தவர்கள் ஜாக்கியை விட்டுவிட்டுத் தங்கள் வீட்டில் இருக்கும் யாரையாவது பற்றிப் பேசத் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு பகுதி இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த இருபது நிமிடமும் வாயைத் திறக்காதீர்கள். என் சித்தி மகளின் கணவருக்குக் காட்டியபோது ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் "இப்போது பாருங்கள், இப்போது பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மரியாதை தெரிந்த மனிதர், நான் பேசும்போதெல்லாம் திரையை விட்டு என் முகத்தையே பார்த்தார். முடிந்ததும் "நன்றாக இருந்தது" என்றார். அவர் எதையும் பார்த்திருக்கவே முடியாது. முடிந்தால் தமிழில் காட்டுங்கள். அந்தக் குரல்களில் இருக்கும் சிடுசிடுப்பும் செல்லமும் நம் தெருவில் கேட்பவை, எங்களைப் பிடித்து வைத்திருப்பதில் பாதி அதுதான்.

அவரவருக்குப் பழக்கமான இடம் எது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். பக்கத்துத் தெரு மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சார்பட்டா, இடியப்ப பரம்பரைக் குத்துச்சண்டைகளைச் சுற்றுச் சுற்றாகச் சொல்வார். அவரிடம் மந்திரக் கல் என்று ஆரம்பித்தால் எடுபடுமா? ஜாக்கி சான் சிறு வயதில் ஹாங்காங்கில் பெய்ஜிங் இசைநாடகப் பள்ளி ஒன்றில் பத்தாண்டுகள் தங்கி உடற்பயிற்சியும் சண்டைக் கலையும் கற்றவர் என்று தொடங்கினேன். நாற்காலி, ஏணி, கையில் கிடைத்ததை எடுத்துச் சமாளிக்கும் அவருடைய முறையைக் கார்ட்டூனிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சண்டையைக் காட்டினேன். ஜாக்கி ஒருவனைக் குத்திவிட்டு, வலி தாங்காமல் தன் கையை உதறிக்கொண்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "குத்தினவனுக்கும் வலிக்கும். அதை யாரும் காட்டுவதில்லை" என்றார்.

ஆயா விஷயத்தில் நான் எதையுமே திட்டமிடவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்றவர் அவர். ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து நெத்திலியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் அங்கிள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மந்திரம் சொல்லத் தொடங்கினார், "பேய்களே பிசாசுகளே, சீக்கிரம் ஓடிப்போங்கள்" என்று பொருள்படும் அந்தச் சீன மந்திரத்தை. அவர் கையில், உடம்பெல்லாம் முள்ளோடு பந்துபோல் உப்பிய ஒரு காய்ந்த மீன், அதிலிருந்து பச்சை ஒளி. ஆயாவின் கை நின்றுவிட்டது.

"இது பேத்தை அல்லவா?"

எனக்குப் புரியவில்லை. விரலில் நெத்திலிச் செதில் மின்ன, ஆயா திரையைச் சுட்டினார். "பேத்தை மீன். தொட்டால் கோபம் வந்து உப்பிக்கொள்ளும். விஷம். வலையில் வந்தால் எடுத்துக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். நானும் எத்தனையோ எறிந்திருக்கிறேன். இந்தக் கிழவன் அதையும் ஒரு காரியத்துக்கு வைத்திருக்கிறானே!"

அத்தனை ஆண்டுகளாக அந்த மீனை நான் மந்திரக்கோல் என்றுதான் பார்த்தேன். அது என்ன மீன் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று முதல் ஆயாவுக்கு அந்தத் தொடர் "பேத்தைக் கிழவன் கதை". ஷெண்டு யார், கொள்ளைக் கூட்டம் யார் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். அங்கிள் வரும்போது பார்ப்பார், மற்ற நேரத்தில் மீன் ஆய்வார். அவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதில்லை. நீங்களும் வற்புறுத்தாதீர்கள்.

உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்

எப்படியும் ஒரு கட்டத்தில் "உனக்கு ஏன் பிடிக்கிறது?" என்று கேட்பார்கள். இசை, படம், நகைச்சுவை என்று அடுக்க வேண்டாம். உண்மையான காரணம் ஒன்றைச் சொல்லுங்கள், அது உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும்.

என் காரணம் டோரு. மலைபோன்ற உடம்பு, தொடக்கத்தில் கொள்ளைக் கூட்டத்தின் அடியாள். ஜாக்கியைத் தூக்கி எறிவதுதான் அவர் வேலை. வேறு கதையாக இருந்தால் அவரை அடித்து வீழ்த்தியதும் கணக்கு முடிந்திருக்கும். இதில் அவர் மனம் மாறி இந்தப் பக்கம் வருகிறார், அங்கிள் அவரைச் சீடராகச் சேர்த்துக்கொள்கிறார். சேர்த்துக்கொண்ட பிறகு கொஞ்சுவதும் இல்லை. அதை எடு, இதை அரை, கவனம் எங்கே என்று ஓயாமல் திட்டுகிறார். ஒரு திட்டு முடிந்தது என்று திரும்பினால் "இன்னும் ஒன்று" என்று அடுத்ததைத் தொடங்குவார். ஆனால் மூலிகை, மந்திரம், பழைய நூல், தனக்குத் தெரிந்த அத்தனையையும் அந்தப் பழைய அடியாளுக்குத்தான் கற்றுத் தருகிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் எழுதிய ஒவ்வொரு தாளையும் மூன்று முறை திருப்பி அனுப்பிய மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார். சரக்குக் குறியீட்டில் ஒரு இலக்கம் மாறினாலும் நேரே என் மேசைக்கு வந்து நிற்பார். அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறேன். இன்று அலுவலகத்தில் சிக்கலான சரக்கு வந்தால் என்னிடம் கொடுக்கிறார்கள் என்றால் அது அவர் போட்ட சோறு. டோருவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மேசை நினைவுக்கு வரும்.

எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்கு இது இன்னும் நெருக்கமானது. அவர் சம்மதித்ததால் எழுதுகிறேன். பதினெட்டு வயதில் தவறான ஆட்களோடு சுற்றியவர் அவர். உடம்பு வாட்டசாட்டமாக இருந்ததால் அவர்களுக்கு அவர் தேவைப்பட்டார். ஒரு ஏசி மெக்கானிக் தன் கடையில் உட்காரவைத்து, ஸ்பேனரைக் கையில் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் திட்டித் திட்டித் தொழில் கற்றுக்கொடுத்தார். வடசென்னைப் பையன்களைத் திரையில் கத்தியோடுதான் காட்டுகிறார்கள். அந்தக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்பேனரைக் கொடுக்கிற பெரியவர்களும் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் திரைக்கு வருவதில்லை. பத்து வயதில் அண்ணன் பார்த்த ஒரு சிறுபிள்ளைத் தொடரில் அவர்களில் ஒருவர் இருந்தார். அங்கிளின் பக்கத்தில் டோரு நிற்கும் காட்சிகளில் அண்ணன் பேச மாட்டார். நாங்களும் அவரைப் பார்க்க மாட்டோம்.

"இதற்கு ஒரு கார்ட்டூன் எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. இந்தப் பேச்சு எங்களுக்குள் அந்தக் கார்ட்டூனால்தானே வந்தது என்றேன்.

கல்யாணப் பேச்சில்

மறைக்க வேண்டாம். பெண் பார்க்க வந்தபோது "அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே" என்று அம்மா சொல்லியிருந்தார். தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள். "ஞாயிறு மாலை இங்கே நாங்கள் கார்ட்டூன் பார்ப்போம். கல்யாணத்துக்குப் பிறகும் வருவேன். உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை, தெரிந்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சற்று யோசித்து, "எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது அவர் என் கணவர். திருவொற்றியூரிலிருந்து ஞாயிறுதோறும் என்னைக் கொண்டுவந்து விடுகிறார். அவர் ரசிகர் ஆகவில்லை. கொள்ளைக் கூட்டத்து ஆட்களான ஃபின், ராட்சோ, சௌ மூவரும் சேர்ந்து ஒரு திருட்டைச் சொதப்பும் காட்சி என்றால் மட்டும் நின்று பார்ப்பார்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்று கவனியுங்கள். தொடர் அவர்களுடையது. ரிமோட் அவர்கள் கையில் இருக்கட்டும். "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்து அவர்கள் பார்ப்பதை மட்டம் தட்டினால், நம்மைக் கேலி செய்தவர் செய்ததையே நாமும் செய்கிறோம்.

கையில் கொடுக்க ஏதாவது வைத்திருங்கள்

வாயால் சொல்வதைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. எங்கள் தெரு காரம் கிளப்பில் ஓரம் தேய்ந்து ஒதுக்கிய ஸ்ட்ரைக்கர்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அண்ணன் பன்னிரண்டைக் கேட்டு வாங்கி வந்தார். கல்லில் இருப்பதுபோல் எலி முதல் பன்றி வரை ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கை எனாமல் பெயின்டால் வரைந்தோம். ஆட்டின் கொம்புக்கு மட்டும் தூரிகையில் மூன்றே முடியை விட்டு மற்றதைக் கத்தரிக்க வேண்டியிருந்தது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவை இழுத்தார். காய்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

புதிதாக யார் வந்தாலும் பன்னிரண்டையும் தட்டில் பரப்பி, "ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்கிறோம். காளைக்குப் பலம், முயலுக்கு வேகம், பாம்புக்குக் கண்ணுக்குத் தெரியாமல் மறைவது, குதிரைக்கு நோய் தீர்ப்பது, நாய்க்குச் சாவில்லாமை என்று சொன்னால் போதும், கதை தெரியாதவரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். செவிலியரின் அம்மா கை நீட்டியது குதிரைக்கு. குத்துச்சண்டை மாமா பாம்பைத்தான் எடுப்பேன் என்றார், ஏன் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

ஆயாவிடம் நாயைக் காட்டினேன். சாவே வராது என்று சொன்னேன். "எல்லோரும் போன பிறகு நான் மட்டும் இருந்து என்ன செய்ய?" என்று தள்ளிவைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து சேவலில் நிறுத்தினார். சேவல் கல் வைத்திருந்தால் உடம்பு அந்தரத்தில் எழும்பும், ஏணியும் வேண்டாம் படியும் வேண்டாம் என்றேன். ஆயாவுக்கு முழங்கால் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மொட்டை மாடிக்கு இருபத்திரண்டு படி. அதனால் ஞாயிறுகளில் அங்கிள் அதிகம் வரும் பகுதி ஒன்றைக் கீழே கூடத்தில் அவரோடு பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறோம்.

சேவலை அவர் திருப்பித் தரவில்லை. மாடியில் தட்டில் பதினொன்றுதான் இருக்கும். புதிதாக வருபவர் சேவல் எங்கே என்று கேட்டால், கீழே போய் ஆயாவிடம் கேளுங்கள், சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார் என்று சொல்லி அனுப்புகிறோம்.